நிமிடத்துக்கு ஓர் அடி

தொழிற்சாலையில் அவளைக் கைராசி என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியாது.

மரத்தூளையும் பிளாஸ்டிக் குருணையையும் கலந்து உருக்கிப் பலகையாக இழுக்கிற தொழிற்சாலை அது. பலகை பார்வைக்கு மரம் போலவே இருக்கும். கரையான் தொடாது, மழையில் உப்பாது. வெயில்தான் எதிரி. வெயிலில் பிளாஸ்டிக் இளகும். இளகினால் மேலே நிற்கிறவரின் எடைக்குப் பலகை தொய்யும். எத்தனை டிகிரியில் தொய்யத் தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பலகையிலிருந்து விரல் அகலத் துண்டுகளை அறுத்து, எண்ணெய்த் தொட்டிக்குள் இரண்டு முனையிலும் தாங்கல் கொடுத்துக் கிடத்தி, நடு முதுகில் எடையை ஏற்றி, எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டே போவாள். முதுகு நாலு தலைமுடி கனத்துக்கு இறங்கியதும் டயல் முள் கோட்டைத் தாண்டும். அந்த நேரத்துச் சூட்டை எழுதிக் கையெழுத்துப் போடுவாள். எழுபத்தைந்துக்கு மேல் என்றால் பலகை வெளியே போகலாம்.

இரண்டு வருஷம் எந்தக் கலவையும் எழுபத்தைந்தைத் தொடவில்லை. தூளை இன்னும் பொடியாக அரைத்துப் பார்த்தார்கள். ஈரம் போகக் கூடுதலாக ஆறு மணி நேரம் காயவைத்தார்கள். மரமும் பிளாஸ்டிக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாதவை. இரண்டையும் கைகோக்க வைக்கிற சேர்மானத்தைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். கல்மாவு போட்டார்கள். கண்ணாடி இழை போட்டார்கள். பலம் ஏறியது, சூடு தாங்குவது ஏறவில்லை. பதினோராவது கலவையில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, இழுத்த பலகையை மேல்பக்கம் மட்டும் தண்ணீர் தெளித்து வேகமாக ஆற்றினார்கள். அதிலிருந்து அறுத்த ஐந்து துண்டுகளை அவள் தொட்டியில் வைத்தாள். ஐந்தும் எண்பத்தொன்று.

மேனேஜர் அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். அவர் வாங்கிக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்த டீயைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள்.

கைராசி என்ற பேர் வந்தது அதற்குப் பிறகு. அவள் கணவனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. மூன்று நாள் லீவு போட்டாள். அந்த மூன்று நாளும் கலவைப் பிரிவுப் பெரியவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டார். அவர் வைத்த துண்டுகள் ஒன்று எண்பத்தொன்று காட்டும், அடுத்தது அறுபத்திமூன்று காட்டும். ஒரே பலகையில் அறுத்தவை. மேனேஜர் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். மூட்டை தூக்குகிற கையால் சோதனை பண்ணினால் இப்படித்தான் என்றார். நான்காம் நாள் அவள் வந்து ஐந்து வைத்தாள். ஐந்தும் எண்பத்தொன்று.

"என் கையைப் பார்த்தா அதுக்குக் காய்ச்சல் வருது தங்கச்சி. உன் கைன்னா சமத்தா படுத்துக்குது" என்றார் பெரியவர்.

அதன்பின் பலகை வாங்க வருகிறவர்கள் முன்னால் துண்டுகளை வைக்க அவளைத்தான் அழைத்தார்கள். மற்ற நாளில் எல்லோரையும் போல வேலை பார்ப்பாள். வெளியாட்கள் வந்தால் கைகழுவித் துடைத்துக்கொண்டு மணப்பெண் மாதிரி வந்து நிற்பாள். அவளுக்கே அதில் ஒரு பெருமை இருந்தது. முன்பு எட்டு வருஷம் ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் சரிபார்த்தவள். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் காலர். யாரும் அவள் கையைக் கவனித்ததில்லை.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் எதிர்க் கட்டடத்தில்தான் இருந்தது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே இரண்டு இரும்புச் சட்டங்கள் மேல் ஒரு நடைபாலம், அதன் இந்த முனை அவர்கள் வீட்டு வாசல். பழைய மரத்தளம் உளுத்துப்போனபோது குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவளிடம்தான் கேட்டார். அவள் சொல்லித்தான் பதினோராவது கலவைப் பலகை வந்தது. குறுக்குவாட்டில் நாற்பத்திரண்டு பலகைகள். அவள் கையெழுத்திட்ட சான்றிதழைச் செயலாளர் லிஃப்ட் அருகே கண்ணாடி போட்டு மாட்டினார்.

கணவன் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். படிக்கட்டிலிருந்து விழுந்து இடுப்பு போனபின் கைத்தடி. படி இறங்க முடியாது. பாலத்தைக் கடந்து, லிஃப்டில் இறங்கி, தெருமுனை டீக்கடையில் பழைய டிரைவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான். அந்த ஒரு மணி நேரத்துக்காக மீதி இருபத்துமூன்றையும் பொறுத்துக்கொண்டிருந்தான்.

வெயில் காலம் தொடங்கியபோது ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, மத்தியானத்தில் யாரோ பாலத்தில் நடந்து வருகிறார்கள், ஆனால் வீடுவரை வருவதில்லை என்றான். அவள் எதிர் வீட்டுக்காரர்களாக இருக்கும் என்றாள். எதிர் வீட்டுக்காரர்கள் இவ்வளவு மெதுவாக நடக்க மாட்டார்கள் என்றான் அவன்.

"எவ்வளவு மெதுவா?"

"நிமிஷத்துக்கு ஒரு அடி."

அவள் சிரித்தாள். வேலையில்லாத காது எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்றாள்.

"முப்பது வருஷம் முதுகுக்குப் பின்னாடி எத்தனை பேர் ஏறினான், எத்தனை பேர் இறங்கினான்னு காதால எண்ணினவன் நான். டிக்கெட் எடுக்காம ஒருத்தன் போனதில்லை. எனக்கா காது போச்சுங்கிற?"

தினமும் சொல்லத் தொடங்கினான். பன்னிரண்டு பத்துக்கு அந்த முனையில் முதல் அடி. டக் என்று. ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று. சில நிமிஷம் அடி விழாது, அப்புறம் விழும். ஒரு கால் சரியில்லாத ஆளின் நடை. எட்டிப் பார்த்தால் பாலம் காலியாக இருக்கும், அப்போதும் அடி விழும். போன வாரம் பதினெட்டாவது பலகையோடு நின்றது. இந்த வாரம் இருபத்துமூன்று. அடுத்த வாரம் இருபத்தொன்பது என்றான்.

அவளைத் தொந்தரவு செய்தது அவன் சொன்னது அல்ல, சொன்ன விதம். பயம் இல்லை அதில். பஸ் எங்கே வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலைப் பார்த்து இரண்டு நாற்காலி போட்டிருந்தான். அவன் சட்டை போட்டிருந்தான். வீட்டில் இருக்கும்போது அவன் சட்டை போடுவதில்லை. கேட்டாள்.

"ஒரு ஆள் வர்ற நேரத்துல பனியனோட உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"யாருங்க வர்றா?"

"வந்தா தெரியுது."

கதவையும் திறந்தே வைக்கத் தொடங்கியிருந்தான்.

அவள் அரைநாள் லீவு போட்டாள். பன்னிரண்டு மணிக்கு அவனோடு உட்கார்ந்தாள். வெளியே வெள்ளை வெயில். அவர்கள் கட்டடத்தின் நிழல் பாலத்தை முழுக்க மூடியிருந்தது. பன்னிரண்டு பத்துக்கு நிழல் அந்த முனையிலிருந்து விலகத் தொடங்கியது. டக். அவள் எழுந்தாள். அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தான். ஒரு நிமிஷம். டக். செருப்பில்லாத கனமான கால், குதிகாலை முதலில் ஊன்றுவது போல. பிறகு இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி. ஒவ்வொரு அடிக்கும் இடையில் அவளால் மூச்சு விட முடிந்தது, வேறெதையும் நினைக்க முடியவில்லை. பாலத்தில் யாரும் இல்லை. அடி நெருங்கிக்கொண்டே இருந்தது. முப்பத்தேழாவது பலகையில் நின்றது. நின்ற பின்னும் அவர்கள் இருவரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்து அவள் நூலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு பாலத்தில் ஓரமாக, இரும்புச் சட்டத்தின் மேலேயே கால் வைத்துப் போனாள். பலகைக்குக் குறுக்கே நூலை இழுத்துப் பிடித்தாள். முதல் பலகையின் நடு ஒன்பது மில்லிமீட்டர் கீழே இருந்தது. தெர்மாமீட்டரைப் பலகை மேல் வைத்தாள். அறுபத்தாறு. கைப்பேசியை அடியில் நீட்டிப் படம் எடுத்தாள். ஏழாவது பலகையின் அடிப்பக்கத்தில் கோடு போல ஒரு வெடிப்பு.

அவளுக்குப் புரிந்தது. வெயில் நிமிஷத்துக்கு ஒரு பலகையாக நகர்ந்து வருகிறது. சுட்ட பலகை தொய்ந்து, ஓரக் கிளிப்பில் எகிறித் தட்டுகிறது. அதுதான் அடி. அந்த முனையில் வெயில் அதிக நேரம் நிற்பதால் முதலில் அங்கே தொய்ந்தது. வாரத்துக்கு வாரம் இந்தப் பக்கமாகப் பரவுகிறது. யாரும் நடக்கவில்லை. பலகைகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருந்தன. ஆனால் எண்பத்தொன்று தாங்கும் பலகை அறுபத்தாறில் ஏன் தோற்கிறது என்பது மட்டும் புரியவில்லை.

நாளையிலிருந்து பாலத்தில் கால் வைக்கக் கூடாது என்று கணவனிடம் சொன்னாள். எந்த நாள் எந்தப் பலகை விடும் என்று தெரியாது, கீழே மூன்று மாடி என்றாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"பின்னாடி படியில நான் இறங்க முடியாது. அப்ப நான் வெளிய போறதே இல்லைன்னு சொல்ற. நேரா சொல்லு."

அவள் செயலாளரைப் பார்க்கக் கிளம்பினாள்.

செயலாளர் அவளை லிஃப்ட் அருகே கூட்டிப்போய் சான்றிதழைக் காட்டினார். பாலத்தை அடைத்தால் லிஃப்ட் இல்லாத பக்கத்து ஆறு வீடும் தன் கழுத்தைப் பிடிக்கும், சும்மா அடைக்க முடியாது, தாங்காது என்று இன்னொரு தாள் வேண்டும் என்றார்.

"இதுல இருக்கிறது உங்க கையெழுத்து. உங்க கையை நீங்களே நம்பலேன்னா நாங்க யாரைம்மா நம்புறது?"

முப்பதாவது பலகையைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பழைய மரப்பலகையைச் செருகிவிட்டுத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனாள். ஐந்து துண்டு அறுத்தாள். தொட்டியில் வைத்தாள். எண்பத்தொன்று. இரண்டாவதும். மூன்றாவதும். வீட்டில் தொய்ந்து கிடந்த அதே பலகை.

நான்காவது துண்டை எடுத்தபோது தன் கையைப் பார்த்தாள். இதுவரை டயலைத்தான் பார்த்திருக்கிறாள், கையைப் பார்த்ததில்லை. கட்டைவிரல் துண்டின் மேல் ஒருமுறை வழுக்கிப் போனது. பிறகு துண்டை விரல்கள் திருப்பின. திருப்பியபின் தொட்டிக்குள் வைத்தன. யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. துண்டை வெளியே எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கையில் வாங்கினாள். விரல் வழுக்கியது, திருப்பியது. காலர் சரிபார்த்த எட்டு வருஷம். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை கட்டைவிரலால் தடவி, துணியின் நல்ல பக்கத்தை மேலே வைத்த கை. இங்கேயும் அதையே செய்துகொண்டிருந்திருக்கிறது.

துண்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் பட்டு ஆறிய பலகைக்கு லேசாக ஒரு கூன் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கூன். சூடேறினால் அந்தப் பக்கமாகத்தான் இன்னும் வளையப் பார்க்கும். கூன் மேலே இருக்கும்படி வைத்தால், எடை கீழே அழுத்த, பலகை மேலே முண்டும், டயல் ஏமாந்துபோகும். கூன் கீழே இருந்தால் பலகையும் எடையும் சேர்ந்து இறங்கும். பாலத்தில் தச்சர்கள் வந்தது வந்தபடி பூட்டியிருந்தார்கள். பாதி மேலே, பாதி கீழே. நொண்டி நடை அங்கிருந்துதான் வந்தது.

தன் கையை இனி நம்ப முடியாது என்று தெரிந்ததும் கலவைப் பிரிவுப் பெரியவரைக் கூப்பிட்டாள். அவர் வைக்கட்டும், தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பதாகச் சொன்னாள்.

"என்ன தங்கச்சி, கண்ணாமூச்சியா?"

"வைங்கண்ணே. எடுத்தது எடுத்தபடி வைங்க. தடவாதீங்க."

அவர் புதிதாகப் பத்துத் துண்டு அறுத்து வைத்தார். நாலு எண்பத்தொன்று. ஆறு அறுபத்திமூன்று. அவள் எண்களைக் கேட்டு எழுதும்போது, சுவரில் விழுந்த தன் நிழலின் கை பக்கவாட்டில் தானாக அசைவதைப் பார்த்தாள். கையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மேனேஜர் தாளைக் கிழிக்கவில்லை. ரொம்ப நேரம் படித்தார். வியாழக்கிழமை பெரிய இடத்திலிருந்து ஆள் வருகிறார்கள், ஒரு பள்ளிக்கூடத்து மேல்மாடித் தளம் முழுக்க இந்தப் பலகைதான் போடப்போகிறார்கள் என்றார். பலகையில் இது மேல்பக்கம் என்று அச்சடித்துவிட்டால் போதாதா என்றார். போதாது, மேலே முண்டுகிற பலகையும் ஒரு கோடை தாண்டினால் அந்த முண்டலை இழந்துவிடும், அப்புறம் எல்லாம் அறுபத்திமூன்றுதான் என்றாள் அவள். தண்ணீரை இரண்டு பக்கமும் தெளித்து, கலவையை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

"இன்னும் ரெண்டு வருஷமா?"

"இருக்கலாம் சார்."

"இதுல கையெழுத்துப் போட்டா, இத்தனை நாள் நீ போட்டதெல்லாம் என்னன்னு கேப்பாங்க. யோசிச்சுக்கோ. நீ தெரிஞ்சு செய்யலேன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது."

அவள் அங்கேயே, அவர் மேஜையிலேயே குனிந்து கையெழுத்துப் போட்டாள். இரண்டு எண்ணும் எழுதி, எந்தப் பக்கத்துக்கு எது என்றும் எழுதினாள். ஒரு நகலை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டாள். அவர் சோதனை அறைச் சாவிக்காகக் கையை நீட்டினார். மறுநாளிலிருந்து அவளுக்குப் பொதிகட்டும் பிரிவு. அங்கேயும் கைராசி என்றே கூப்பிட்டார்கள், ஆனால் கூப்பிட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே பாலத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்கள். தச்சர்கள் வர நாலு நாள் ஆகும். கணவன் டீக்கடைக்குப் போகவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அது வெறும் பலகைதான், வெயில்தான் என்று அவள் விளக்கியிருந்தாள். அவன் தலையாட்டியிருந்தான். ஆனால் அன்றாடம் எண்ணிச் சொன்னான். முப்பத்தெட்டு. நாற்பது. நாற்பத்தொன்று.

நான்காம் நாள் அவளும் வீட்டில் இருந்தாள். தச்சர்கள் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு பத்துக்குத் தொடங்கியது. இப்போது அவளுக்குக் காரணம் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் எந்தப் பலகை, எந்தப் பக்கம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்பது, கூன் மேலே, சத்தமில்லை. நாற்பது, கீழே, டக். நாற்பத்தொன்று, கீழே, டக். ஒரு நிமிஷம் போனது. வாசலை ஒட்டியிருந்த கடைசிப் பலகையில், கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவர்கள் கால்விரலிலிருந்து ஒரு முழத் தூரத்தில், இதுவரை கேட்டதிலேயே கனமாக ஓர் அடி விழுந்தது. வாசல் நிலை அதிர்ந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"வந்தாச்சு" என்றான் கணவன், மெல்ல.

தச்சர்கள் வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அவள் ஒவ்வொன்றையும் நூல் பிடித்து அளந்து தாளில் எழுதினாள். கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, அளவுகோலை மட்டும் பார்த்தாள். ஒன்பது மில்லிமீட்டர், எட்டரை, ஏழு, நாலு. கூன் மேலே இருந்தவையும் இரண்டு மூன்று இறங்கியிருந்தன. கணவன் உள்ளே உட்கார்ந்தபடி அடி விழுந்த பலகைகளைச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. தச்சர்களில் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார்.

நாற்பத்தொன்று வரை முடிந்தது. நாற்பத்திரண்டுக்கு மண்டியிட்டாள். அப்போதுதான் கவனித்தாள். வாசலுக்கு மேலே இருந்த சின்னக் கூரையின் நிழல் அந்தப் பலகை மேல் விழுந்திருந்தது. அங்கே எந்த நேரத்திலும் வெயில் படுவதில்லை. பலகை ஜில்லென்று இருந்தது. நூல் இழுத்தாள். இடைவெளி இல்லை. கிளிப் இரண்டும் இறுக்கமாக இருந்தன. மறுபடி இழுத்தாள். மூன்றாம் முறை, மடக்கிய கட்டைவிரலை விரித்துத் தடவினாள். நல்ல பக்கமும் இல்லை, கெட்ட பக்கமும் இல்லை. விரலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

செயலாளர் தாளைப் பார்த்தார். நாற்பத்தொன்றைத் தொழிற்சாலை மாற்றித்தரும், இதற்கு மட்டும் தரமாட்டார்கள் என்றார். இதிலும் ஒரு மூன்று என்று எழுதிவிட்டால் மொத்தத் தளமும் ஒரே மாதிரி வந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை, நல்லதுக்குத்தானே என்றார்.

அவள் பூஜ்யம் என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

தச்சர்கள் போனபின் வாசலுக்கு வெளியே இரண்டு இரும்புச் சட்டமும், நடுவில் மூன்று மாடி ஆழமும், இந்தப் பக்கம் அந்த ஒரு பலகையும் மட்டும் இருந்தன. கணவன் கைத்தடியை ஊன்றி எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"இது எவ்வளவு தொய்ஞ்சிருக்கு?"

"தொய்யலைங்க."

அவன் பலகையைப் பார்த்தான். பிறகு தனக்குப் பின்னால், வீட்டுக்குள், வாசலைப் பார்த்துக் கிடந்த இரண்டு நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். யாரும் இல்லை.

"கதவைச் சாத்து" என்றான்.

வந்தது உள்ளே போய்விட்டதென்றால் எந்தப் பக்கம் நின்று சாத்துவது என்று அவள் ஒரு கணம் யோசித்தாள்.